நீல வைரத்துக்குச் சாபம் விட்டது யார்?

வாஷிங்டன் நகரில் உள்ள ஸ்மித்சோனியன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில், தடித்த கண்ணாடிப் பெட்டிக்குள், மெதுவாகத் திரும்பும் ஒரு சிறு பீடத்தின் மேல் ஹோப் வைரம் வைக்கப்பட்டிருக்கிறது. பீடம் ஒரு திசையைப் பார்த்துச் சற்று நேரம் நிற்கும். பிறகு அடுத்த திசைக்குத் திரும்பும். நாம் நிற்கும் பக்கத்துக்குக் கல்லின் முகம் வரும்வரை காத்திருக்க வேண்டும். படங்களில் பார்த்துப் பழகிய பளீர் நீலத்தை மனத்தில் வைத்துக்கொண்டு போயிருந்த எனக்கு, முதலில் கண்ணில் பட்டது அதன் இருட்டுதான். மைக்கூட்டின் அடியில் தங்கிய மையைப் போலச் சாம்பல் கலந்த கருநீலம். பீடம் திரும்பத் தொடங்கியதும் அந்த இருட்டுக்குள்ளிருந்து ஒரு நீலக் கீற்று எழுந்து, பட்டை விட்டுப் பட்டை தாவி, மறைந்தது. கல்லின் எடை 45.52 காரட், அதாவது 9 கிராமுக்குச் சற்று மேல். ஒரு பெரிய கொட்டைப்பாக்கைப் பாதியாக நறுக்கி வைத்தால் எவ்வளவு இருக்குமோ அவ்வளவுதான். அதைச் சுற்றி 16 வெள்ளை வைரங்கள் வேலி கட்டியதுபோல் நிற்கின்றன.

எனக்குப் பக்கத்தில் ஒரு தமிழ்க் குடும்பம் நின்றிருந்தது. தகப்பனார் தம் பையனிடம் தணிந்த குரலில் சொல்லிக்கொண்டிருந்தார்: "இது நம்ம நாட்டுக் கோயில்ல சாமி சிலையோட கண்ணுல இருந்ததுடா. வெள்ளைக்காரன் ஒருத்தன் பேத்து எடுத்துட்டு வந்துட்டான். அதனாலதான் இதை வெச்சிருந்தவங்க யாருமே உருப்படலை." பையன் கல்லை விட்டுக் கண்ணை எடுக்காமலே கேட்டான்: "சாபம் விட்டது யாருப்பா?" தகப்பனார் பதில் சொல்வதற்குள் பீடம் அடுத்த பக்கம் திரும்பிவிட்டது; பின்னால் நின்றவர்கள் நகரச் சொன்னார்கள்.

அந்தக் கேள்வி என்னோடு வந்துவிட்டது. யோசிக்க யோசிக்க அது மிகச் சரியான கேள்வி என்றே தோன்றியது. நம் கதைகளில் சாபம் என்பது காற்றில் மிதந்து வரும் கெட்ட நேரம் அன்று. அதற்கு ஒரு வாய் உண்டு, ஒரு குற்றம் உண்டு, பெரும்பாலும் ஒரு விமோசனமும் உண்டு. அகலிகையைச் சபித்தவர் கௌதமர், காரணம் தெரியும், இராமனின் பாதம் பட்டால் சாபம் தீரும் என்பதும் தெரியும். சகுந்தலையைச் சபித்தவர் துர்வாசர். கணையாழியைக் கண்டால் மறதி நீங்கும். ஹோப் வைரத்தின் சாபத்துக்கோ வாயும் இல்லை, விமோசனமும் இல்லை. குற்றம் மட்டும் ஒன்று சொல்லப்படுகிறது. அந்தக் குற்றமும் நடந்ததற்குச் சான்று இல்லை. ஆகவே இந்தச் சாபத்தை விட்டது யார் என்று தேடுவதே இந்தக் கட்டுரையின் வேலை.

முதலில் கதையைச் சொல்லிவிடுகிறேன். 17-ஆம் நூற்றாண்டில் ழான் பாப்டிஸ்ட் டவர்னியர் என்ற பிரெஞ்சு வணிகர் இந்தியாவுக்கு வந்து, சீதையின் சிலையிலிருந்து நீலக்கல் ஒன்றைத் திருடினார், தெய்வம் சினந்தது, அவர் ருஷ்யாவில் காட்டு நாய்களால் கடித்துக் குதறப்பட்டு மாண்டார். கல்லை இரவல் வாங்கி அணிந்த பிரெஞ்சு நிதி அமைச்சர் ஃபூக்கே சிறையில் அழிந்தார். பிரெஞ்சு அரசியின் தோழியான லம்பால் இளவரசியைக் கும்பல் அடித்துக் கொன்றது. மன்னர் 16-ஆம் லூயியும் அரசி மரீ அன்ட்வானெட்டும் கில்லட்டினில் தலை இழந்தார்கள். அதன்பின் ஹோப் குடும்பம் நொடித்தது. ஒரு ருஷ்ய இளவரசர் தம் காதலியான நடிகையைச் சுட்டுக் கொன்று, பிறகு தாமும் குத்திக் கொல்லப்பட்டார். ஒரு கிரேக்க வியாபாரி குடும்பத்தோடு மலைச்சரிவில் விழுந்து இறந்தார். அமெரிக்காவில் அதை வாங்கிய பெண்மணி தம் பிள்ளைகளையே பறிகொடுத்தார்.

இந்தப் பட்டியலில் நடுவில் உள்ளவர்களைப் பற்றி நீண்ட விசாரணை தேவையில்லை. ஃபூக்கே கைதானது 1661-இல். கல் பிரான்சு மன்னரின் கைக்கு வந்தது 1668-இல். மரீ அன்ட்வானெட் இந்தக் கல்லை அணிந்திருக்க வழியில்லை. அவர் காலத்தில் அது 'பொற்கம்பளி' என்ற வீரர் அணியின் சின்னத்தில் பதிக்கப்பட்டு, மன்னர் மட்டுமே சடங்குகளில் அணியும் பொருளாக இருந்தது. கில்லட்டினில் மாண்ட ஆயிரக்கணக்கானோரில் மிகப் பலர் அந்தக் கல்லைக் கண்ணால் கண்டதுமில்லை. அதை வாங்கிப் பட்டை தீட்டச் செய்த 14-ஆம் லூயியோ 72 ஆண்டு அரியணையில் இருந்து, 77 வயதை நெருங்கி இறந்தார். ருஷ்ய இளவரசரும் கிரேக்க வியாபாரியும் செய்தித்தாள்களுக்கு வெளியே வாழ்ந்ததற்கு ஒரு தடயமும் கிடைக்கவில்லை.

டவர்னியரைத்தான் நிதானமாகப் பார்க்க வேண்டும். 1605-இல் பிறந்த அவர் கீழைநாடுகளுக்கு ஆறு முறை பயணம் செய்தவர். கல் வியாபாரம்தான் அவருடைய தொழில். 1668-இல் பிரான்சுக்குத் திரும்பி, ஆயிரத்துக்கும் மேற்பட்ட வைரங்களை 14-ஆம் லூயிக்கு விற்றார். அவற்றில் ஒன்று முக்கோண வடிவில் ஒருவாறு பட்டை தீட்டப்பட்டிருந்த, இன்றைய கணக்கில் 115 காரட் எடையுள்ள நீல வைரம். அதற்கு மட்டும் 2,20,000 லீவர் (அக்காலப் பிரெஞ்சுப் பணம்) கொடுக்கப்பட்டது. அடுத்த ஆண்டே அவர் பிரபுப் பட்டம் பெற்றார். ஜெனீவாவுக்கு அருகே ஓபோன் என்ற ஜமீனையும் வாங்கினார். 1676-இல் தம் பயணங்களை நூலாக வெளியிட்டார். எண்பது வயதைத் தாண்டிய பின்னும் மீண்டும் கிழக்கே புறப்பட்டு, 1689-இல் மாஸ்கோவில் காலமானார். அந்த வயதில், அந்தக் காலத்துப் பாதைகளில், இறப்பதற்கு நாய்கள் தேவைப்படவில்லை.

தம் நூலில் அந்த நீலக்கல்லை எங்கே, யாரிடம் வாங்கினார் என்று அவர் எழுதவில்லை. அந்த மௌனத்தில்தான் பிற்காலத்தவர்கள் கோயிலைக் கட்டினார்கள். ஆனால் வைரங்கள் எங்கிருந்து வந்தன என்பதைப் பற்றி அவர் மௌனமாக இருக்கவே இல்லை. பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார். கோல்கொண்டா கோட்டைக்குக் கிழக்கே ஏழு நாள் பயணத்தில், கிருஷ்ணா நதிக்கரையில், கொல்லூர் என்னும் ஊர். (மூகாம்பிகை கோயில் உள்ள கொல்லூர் வேறு, இது ஆந்திரத்தின் பழைய குண்டூர் மாவட்டத்தைச் சேர்ந்தது.) நீல வைரமும் பெரும்பாலும் அங்கேதான் தோண்டி எடுக்கப்பட்டிருக்கும் என்பது ஆய்வாளர்களின் கருத்து. அந்தச் சுரங்கம் எப்படிக் கண்டுபிடிக்கப்பட்டது என்பதையும் டவர்னியர் சொல்கிறார்: தமக்கு நூறு ஆண்டுகளுக்கு முன் ஓர் ஏழை, சிறுதானியம் விதைப்பதற்காக நிலத்தைக் கொத்தியபோது, சுமார் 25 காரட் எடையுள்ள கூரிய கல் ஒன்று அகப்பட்டது. அதைக் கோல்கொண்டாவுக்குக் கொண்டுபோய்க் காட்டினார், விஷயம் பரவியது, பணம் உள்ளவர்கள் வந்து நிலத்தைத் தோண்டத் தொடங்கினார்கள்.

டவர்னியர் முதன்முறை கொல்லூரைப் பார்த்தபோது, ஆண்கள், பெண்கள், குழந்தைகள் என்று சுமார் 60,000 பேர் அங்கே வேலை செய்துகொண்டிருந்தார்கள். ஆண்கள் தோண்டுவார்கள், பெண்களும் பிள்ளைகளும் மண்ணைச் சுமப்பார்கள். குழிகள் பத்து, பன்னிரண்டு, பதினான்கு அடி ஆழம் வரை போகும். தண்ணீர் ஊறிவிட்டால் அதற்குக் கீழே கல் கிடைக்காது என்று அந்தக் குழியை விட்டுவிடுவார்கள். அருகில் சுற்றுச்சுவர் எழுப்பி, தரையை இடித்து இறுக்கிய ஒரு களத்தில் மண்ணைக் கொட்டித் தண்ணீர் விட்டுக் கரைத்து, சேற்றை வடியவிட்டு, மிஞ்சியதை வெயிலில் உலர்த்துவார்கள். பிறகு, அறுவடைக் காலத்தில் தானியம் தூற்றுவதுபோல் முறங்களில் புடைப்பார்கள். கட்டிகளை உலக்கையால் குத்தி உடைப்பார்கள். கடைசியில் எல்லாரும் வரிசையாக உட்கார்ந்து, மண்ணைக் கையால் துழாவித் துழாவிக் கல் தேடுவார்கள்.

முறமும் உலக்கையும் என்று படித்த இடத்தில் நான் நின்றுவிட்டேன். ஐரோப்பிய அரண்மனைகளின் மணிமுடிகளில் ஒளிர்ந்த வைரங்களில் எத்தனையோ கற்கள், நெல் புடைக்கத் தெரிந்த கைகள் புடைத்தெடுத்தவை. கதையில் வரும் கோபக்காரச் சிலையைவிட அந்தக் கைகள் எனக்கு மிக அருகில் இருக்கின்றன.

தெய்வமும் அங்கே உண்டு. ஆனால் கதை சொல்லும் வகையில் அன்று. ஒரு புதிய இடத்தில் தோண்டத் தொடங்குமுன், குத்தகைக்காரர் தம் உறவினரையும் நண்பர்களையும் மனைவி மக்களோடு அழைத்து, தாங்கள் வணங்கும் தெய்வத்தின் சிறிய கல் உருவம் ஒன்றை அங்கே கொண்டுவந்து நிறுத்துவார். எல்லாரும் தரையில் விழுந்து வணங்குவார்கள். பூசாரி மந்திரம் சொல்லி, குங்குமப்பூவும் பிசினும் சேர்த்த குழம்பால் ஒவ்வொருவர் நெற்றியிலும் குறியிட்டு, அதன்மேல் ஏழெட்டு அரிசி மணிகளை ஒட்டுவார். பிறகு இலைகளில் சோறு பரிமாறப்படும். சாப்பிட்டு முடித்தவுடன் வேலை தொடங்கும். டவர்னியர் பார்த்து எழுதிய தெய்வம் இதுதான். கண்ணில் வைரம் பதிக்காத, குழிக்கரையில் நிற்கும் ஒரு கல் தெய்வம். வைரம் கிடைக்க வேண்டும் என்று கும்பிடப்பட்ட தெய்வம்.

வேறொரு சுரங்கத்தைப் பற்றி எழுதும்போது கூலிக் கணக்கும் தருகிறார். வேலை நன்றாகத் தெரிந்த ஆளுக்கே ஆண்டுக்கு மூன்று வராகன். ஐம்பது பேர் வேலை செய்தால், கல் திருடாமல் பார்த்துக்கொள்ள அவர்களுக்கு மேல் பன்னிரண்டு முதல் பதினைந்து காவலாட்கள். உடம்பில் ஒரு சிறு துணியைத் தவிர வேறு உடை இல்லாததால், சிலர் கல்லை விழுங்கிவிடுவார்களாம். ஒருவர் கண்ணின் ஓரத்தில் கல்லை ஒளித்துப் பிடிபட்டதையும் குறிப்பிடுகிறார். சிலையின் கண்ணிலிருந்து கல்லைப் பெயர்த்தார்கள் என்று உலகம் முழுவதும் சொல்லப்படுகிறது. பசித்த ஒரு மனிதன் தன் கண்ணுக்குள்ளேயே கல்லைச் செருகிக்கொண்டது அச்சேறி 350 ஆண்டுகள் ஆகிவிட்டன. அதைக் கேள்விப்பட்டவர்கள் மிகச் சிலர்.

பாரிஸ் போய்ச் சேர்ந்தபின் கல்லின் கதை வேகமாக ஓடுகிறது. 1673-இல் அரசவை ரத்தின வேலைக்காரர் ழான் பித்தோ அதை மறுபடி பட்டை தீட்டினார். 115 காரட் சுமார் 69 காரட்டாகக் குறைந்தது. 1749-இல் 15-ஆம் லூயிக்காகப் பொற்கம்பளிச் சின்னத்தில் பதிக்கப்பட்டது. 1792 செப்டம்பரில், அரச குடும்பம் சிறையில் இருந்தபோது, ஒரு திருட்டுக் கும்பல் அரசுக் கருவூலத்தின் சன்னல் வழியே அடுத்தடுத்த இரவுகளில் ஏறி, மணிமுடி நகைகளை வாரிக்கொண்டு போனது. வேறு பல வைரங்கள் பின்னர் மீட்கப்பட்டன. நீல வைரமோ அந்த வடிவில் திரும்பி வரவே இல்லை.

சரியாக இருபது ஆண்டு கழித்து, 1812 செப்டம்பரில், லண்டனில் டேனியல் எலியாசன் என்ற வைர வியாபாரியிடம் 177 கிரெய்ன், அதாவது அக்காலக் கணக்கில் 44 காரட்டுக்குச் சற்று மேலான நீல வைரம் ஒன்று இருப்பதாக ஒரு குறிப்பு எழுதப்படுகிறது. அந்தத் திருட்டுக்கு வழக்குத் தொடரும் காலக்கெடு முடிந்து இரண்டொரு நாள்தான் ஆகியிருந்தது. அடையாளம் தெரியாதபடி கல் மீண்டும் வெட்டப்பட்டிருந்தது. இரண்டும் ஒன்றே என்று நெடுநாளாகச் சந்தேகிக்கப்பட்டாலும், சான்று கிடைத்தது அண்மையில்தான். 2007-இல் பாரிஸ் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில், கனிமவியல் அறிஞர் ஃபிரான்சுவா ஃபார்ஜ், பழைய மாதிரிகளுக்கு நடுவே ஓர் ஈயக் கட்டியைக் கண்டார். 'பிரெஞ்சு நீலம்' எனப்பட்ட, காணாமற்போன அந்த அரச வைரத்தை அச்சு எடுத்த வார்ப்பு அது. அதன் பதிவேட்டுக் குறிப்பில் லண்டன் ஹோப் என்பவரின் பெயர் இருந்தது. யாரோ ஒரு கைவினைஞர் ஈயத்தில் வார்த்து வைத்த அந்த மங்கலான கட்டி, அத்தனை சாபக் கதைகளும் சேர்ந்து சொல்லாத உண்மையைச் சொன்னது.

ஹென்றி ஃபிலிப் ஹோப் என்ற வங்கிக் குடும்பத்துச் செல்வரின் ரத்தினத் தொகுப்புப் பட்டியல் 1839-இல் அச்சானது. நீல வைரத்தை அது வாயாரப் புகழ்கிறது. சாபம் என்ற பேச்சே இல்லை. 1851-இல் லண்டன் உலகக் கண்காட்சியில் மக்கள் அதைப் பார்த்துவிட்டுப் போனார்கள். அப்போதும் யாரும் பயப்படவில்லை. டவர்னியர் விற்றதிலிருந்து கணக்கிட்டால் இரண்டு நூற்றாண்டுக்கு மேல் சாபம் இல்லாமலே அந்தக் கல் வாழ்ந்திருக்கிறது. இதைத்தான் எல்லாரும் மறந்துவிடுகிறோம்.

பிறகு எப்போது வந்தது? குடும்பச் சொத்தாக அதைப் பெற்ற பிரான்சிஸ் ஹோப் பிரபு சூதாட்டத்திலும் ஆடம்பரத்திலும் கடனாளியாகி, நீதிமன்ற அனுமதி பெற்று 1901-இல் அதை விற்றார். அவருடைய முன்னாள் மனைவி மே யோஹே என்ற அமெரிக்க நடிகை. கல் நியூயார்க் போனது, கை மாறியது, மறுபடி பாரிசுக்கு வந்தது. அந்த 1908, 1909 ஆண்டுகளில்தான் செய்தித்தாள்கள் துயரப் பட்டியலை வெளியிடத் தொடங்கின. வாஷிங்டன் போஸ்ட் 1908 ஜனவரியில் எழுதியது. 1909 ஜூனில் லண்டன் டைம்ஸ் எழுதியது. மேலே சொன்ன ருஷ்ய இளவரசர் இந்தக் காலத்துச் செய்திகளில்தான் பிறக்கிறார். 1921-இல் மே யோஹே தம் பெயரில் ஒரு புத்தகமும், 15 பகுதிகள் கொண்ட ஒரு மௌனத் தொடர்ப்படமும் வரச் செய்தார். அவற்றில் இன்னும் பல பாத்திரங்கள் சேர்ந்தன. ஆனால் கடனில் மூழ்கிய பிரான்சிஸ் ஹோப்போ மறுமணம் செய்துகொண்டு, 1928-இல் நியூகாசில் கோமகனாகி, 1941 வரை வாழ்ந்தார்.

1910-இல் வைரத்தை வாங்கிய பியர் கார்ட்டியே தேர்ந்த நகை வியாபாரி. பாரிசுக்கு வந்திருந்த எவலின் வால்ஷ் மக்லீன் என்ற இளம் அமெரிக்கச் சீமாட்டியிடம், பொட்டலத்தைப் பிரிப்பதற்கு முன்பே கதையைப் பிரித்தார். தமக்கு மட்டும் பிறரின் துரதிருஷ்டப் பொருள்கள் அதிருஷ்டமாக அமையும் என்று அந்தப் பெண் நம்பியது அவருக்குத் தெரிந்திருந்தது. எவலினுக்கு நகையின் அமைப்புப் பிடிக்கவில்லை. கார்ட்டியே சளைக்காமல் கல்லை வேறு விதமாகப் பதித்து, அமெரிக்காவுக்கே கொண்டுபோய், ஒரு வார இறுதிக்கு அவர் வீட்டிலேயே விட்டுவிட்டு வந்தார். இரவெல்லாம் அலங்கார மேசைமேல் இருந்த கல்லைப் பார்த்துக்கொண்டிருந்தவர், விடிந்ததும் வாங்குவதென்று முடிவு செய்தார். 1911-இல் விலை 1,80,000 டாலர். ஒப்பந்தத்தில் ஒரு நிபந்தனை இருந்தது: ஆறு மாதத்துக்குள் குடும்பத்தில் மரணம் நேர்ந்தால், அதே மதிப்புள்ள வேறு நகைகளுக்கு வைரத்தை மாற்றிக்கொள்ளலாம். சாபம் முதன்முதலாகச் சட்டப் பத்திரத்தில் ஏறியது அங்கேதான். இன்னொன்றும் உண்டு. 1908-இல் சாபச் செய்தியை வெளியிட்ட வாஷிங்டன் போஸ்ட், எவலினுடைய மாமனாருக்குச் சொந்தமான பத்திரிகை.

எவலினை நான் எளிதில் கடந்து போக மாட்டேன். கொலராடோ மலைகளில் தங்கம் தேடி அலைந்து, கடைசியில் கண்டெடுத்த ஓர் ஐரிஷ் குடியேறியின் மகள் அவர். 1905-இல் நடந்த ஒரு கார் விபத்தில் அவருடைய ஒரே தம்பி வின்சன் இறந்தான். அவர் கால் உடைந்து, வலிக்கு எடுத்த மார்ஃபினுக்கு அடிமையானார். அப்போது அவர் ஹோப் வைரத்தை வாங்கியிருக்கவில்லை. அதற்கு இன்னும் ஆறு ஆண்டு இருந்தது. தம்பியின் பெயரைத் தம் மூத்த மகனுக்கு வைத்தார். ஒன்பது வயதில், 1919-இல், அந்தப் பிள்ளையும் கார் மோதி இறந்தான். கணவர் குடியில் சிதைந்து, மனநல மருத்துவமனையில் 1941-இல் இறந்தார். 1946-இல் மகள் தூக்க மாத்திரை மிகையாகி மாண்டாள். அடுத்த ஆண்டு எவலின் போய்விட்டார்.

இத்தனையையும் கல்லின் தலையில் கட்டிவிடலாம். அப்படிக் கட்டினால், சாலைகளுக்குப் புதிதாக வந்த மோட்டார் கார், மார்ஃபின், குடி, செல்வம் மிகுந்த வீடுகளின் தனிமை எல்லாம் தப்பித்துப் போய்விடும். அவரோ வைரத்தைப் பூட்டி வைக்கவில்லை. விருந்துகளில் அணிந்தார், நாயின் கழுத்தில் கட்டினார், காயம்பட்ட படைவீரர்களைப் பார்க்க மருத்துவமனைக்குப் போனபோது அவர்கள் கையில் கொடுத்து விளையாடச் சொன்னார். 1932-இல் புகழ்பெற்ற விமானி லிண்ட்பர்க்கின் குழந்தை கடத்தப்பட்டபோது, அதை மீட்டுத் தருவதாகச் சொன்ன ஒரு மோசடிக்காரரை நம்பி 1,00,000 டாலர் கொடுத்து ஏமாந்தார். அந்தப் பணத்துக்காக வைரம் அடகுக் கடைக்குப் போனது. பிள்ளையை இழந்த ஒரு தாய், வேறொரு தாயின் பிள்ளைக்காக அடகு வைத்த கல் அது. சபிக்கப்பட்ட கல் என்ற ஒற்றைச் சொல்லில் இதை எங்கே வைப்பது?

அதன் பின் நடந்தவை சுருக்கமானவை. கடனை அடைக்க எவலினின் நகைகள் விற்கப்பட்டன. 1949-இல் ஹாரி வின்ஸ்டன் என்ற நியூயார்க் நகை வணிகர் வாங்கினார். ஊர் ஊராகக் காட்சிக்கு வைத்து அறப்பணிகளுக்கு நிதி திரட்டிவிட்டு, 1958 நவம்பரில் பழுப்புக் காகிதத்தில் சுற்றிப் பதிவுத் தபாலில் ஸ்மித்சோனியனுக்கு அனுப்பினார். தபால் கட்டணம் 2.44 டாலர், காப்பீட்டோடு சேர்த்து 145.29. இன்று வரை கோடிக்கணக்கானோர் அதைப் பார்த்துவிட்டார்கள்.

இனி, அந்தக் கோயில் கண்ணுக்கு வருகிறேன். ஹோப் வைரத்துக்கு மட்டும் சொல்லப்படும் கதையாக இருந்தால் விட்டுவிடலாம். ஆனால் மாஸ்கோ கிரெம்ளினில் ருஷ்யப் பேரரசி இரண்டாம் கேத்தரின் செங்கோலில் உள்ள ஓர்லோவ் வைரம், நம் திருவரங்கத்துச் சிலையின் கண்ணிலிருந்து, படையை விட்டு ஓடிவந்த பிரெஞ்சுச் சிப்பாய் ஒருவன் திருடிச் சென்னையில் விற்றது என்கிறார்கள். 67.50 காரட் எடையுள்ள கறுப்பு ஓர்லோவ், புதுச்சேரிக்கு அருகே ஒரு பிரமன் சிலையின் கண் என்கிறார்கள். லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் 'டெல்லி ஊதா நீலக்கல்' என்ற பெயரோடு இருக்கும் கல், 1857-இல் கான்பூர் இந்திரன் கோயிலில் கொள்ளை போனது என்கிறார்கள். உண்மையில் அது நீலக்கல்லே அன்று, செவ்வந்திக்கல். பிரமனுக்கும் இந்திரனுக்கும் தனிக்கோயில் எவ்வளவு அரிது என்று நம்மில் யாரைக் கேட்டாலும் சொல்லியிருப்பார்கள். கேட்கத்தான் ஆள் இல்லை. 1868-இல் வில்கி காலின்ஸ் எழுதிய ஆங்கில நாவல் ஒன்றில், சோமநாதத்துச் சந்திர தேவன் நெற்றியிலிருந்து பறிபோன வைரம் இங்கிலாந்தில் ஒரு வீட்டையே கலக்குகிறது. அந்த அச்சு நன்றாக வேலை செய்தது. பிறகு எந்தக் கல்லை ஊற்றினாலும் அதே வடிவில் வந்தது.

அந்தக் கதைகளில் ஓர் ஒப்புதல் இருப்பதாகவும் நான் நினைக்கிறேன். கீழைநாடுகளிலிருந்து வந்து குவிந்த செல்வத்தில் ஏதோ ஒரு தவறு ஒட்டிக்கொண்டிருக்கிறது என்ற உறுத்தல் அதைப் பெற்றுக்கொண்டவர்களிடம் இருந்திருக்கிறது. ஆனால் அந்தத் தவறைச் சிலையின் கண்ணில் வைத்ததால், குழியில் இறங்கியவர்கள் கதையிலிருந்து மறைந்தே போனார்கள். கோபப்படுவதற்குத் தெய்வம் ஒன்று இருக்கிறது. மூன்று வராகன் ஆண்டுக் கூலிக்கு மண் சுமந்தவர்கள் ஒருவரும் இல்லை. பழியைத் தெய்வத்திடம் ஒப்படைத்துவிட்டால், மனிதர்களுக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை. சாபக் கதைமேல் எனக்குள்ள மனத்தாங்கல் இதுதான்.

தமிழில் ரத்தினத்தைப் பற்றிய மிகப் பெரிய கதை நம்மிடம் இருக்கிறது. கோவலன் உயிரைப் பறித்தது சிலம்பின் பேரில் எழுந்த பழி. என்றாலும் சிலம்பு சபிக்கப்பட்டது என்று யாரும் சொல்வதில்லை. பொய் சொன்னவன் பொற்கொல்லன். ஆராயாமல் தீர்ப்பளித்தவன் அரசன். உடைந்த சிலம்பிலிருந்து தெறித்த மாணிக்கம் சாட்சி சொன்னது. அதே காப்பியம் மதுரைக் கடைவீதியில் வைரத்தின் குற்றங்களை எண்ணும்போது காகபாதம், களங்கம், விந்து, ஏகை என்று நான்கைச் சொல்கிறது. நான்கும் கல்லை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் கண்ணுக்குத் தெரியக்கூடியவை. குற்றமுள்ள வைரம் அணிபவருக்கு ஆகாது என்று நம் பழைய ரத்தின நூலோரும் நம்பினார்கள். ஆனால் குற்றத்தைக் கல்லுக்குள் தேடினார்கள், செவிவழிச் செய்தியில் தேடவில்லை. அந்தப் பரிசோதனையை ஹோப் வைரத்துக்கு இன்றைய நிபுணர்கள் செய்து பார்த்திருக்கிறார்கள். பெரிதாக்கிப் பார்த்தால் மட்டும் புலப்படும் மிக நுண்ணிய குறைகளைத் தவிர வேறொன்றும் இல்லை.

கல்லுக்குள் இருப்பது வேறு. கரியணுக்களுக்கு நடுவே பத்து லட்சத்தில் ஒன்றிரண்டு என்ற அளவில் போரான் அணுக்கள் புகுந்திருக்கின்றன; நீலம் அதனால் வந்தது. அதே காரணத்தால், மற்ற வைரங்களைப் போல் அல்லாமல் இது சிறிதளவு மின்சாரத்தையும் கடத்தும். இத்தகைய நீல வைரங்கள் பூமிக்குள் 660 கிலோமீட்டருக்கும் கீழே, பிற வைரங்கள் உருவாகும் ஆழத்தைப்போல் நான்கு மடங்கு ஆழத்தில் உருவானவை என்று 2018-இல் வெளியான ஆய்வு சொல்கிறது. அவ்வளவு ஆழத்தில் போரானுக்கு வேலையே இல்லை. அது கடலடிப் பாறையோடு சேர்ந்து, நகரும் நிலத்தட்டுகளால் கீழே இழுத்துச் செல்லப்பட்டிருக்க வேண்டும் என்பது அந்த ஆய்வாளர்களின் விளக்கம். பழைய கடல் ஒன்றின் உப்புநீரில் கரைந்திருந்த பொருள் அந்த நீலத்தில் கலந்திருக்கிறது என்று எண்ணிப் பார்க்கையில், எனக்கு நாயும் கில்லட்டினும் மிகச் சின்ன விஷயங்களாகிவிடுகின்றன.

சாபத்தை நம்புவோர் தவறாமல் காட்டும் ஒரு சான்று உண்டு. இருட்டறையில் புறஊதா விளக்கைச் சில நொடி இந்தக் கல்லின்மேல் பிடித்துவிட்டு அணைத்தால், நீல வைரம் தணல்போல் சிவந்து ஒளிரும். சிறிது சிறிதாக மங்கும். ரத்தச் சிவப்பு என்று எழுதியவர்கள் பலர். ஆய்வகத்தில் வேறு பல இயற்கை நீல வைரங்களையும் இப்படிச் சோதித்திருக்கிறார்கள். எல்லாவற்றிலும் நீலப்பச்சை ஒளியும் சிவப்பு ஒளியும் கலந்தே வருகின்றன. எது மிகுதி, எது விரைவில் அணைகிறது என்பதுதான் கல்லுக்குக் கல் மாறுகிறது. மனிதரின் கைரேகைபோல அதை வைத்து ஒரு கல்லை மற்றொன்றிலிருந்து பிரித்தறியலாம் என்கிறார்கள். ஹோப் வைரத்தில் சிவப்பு ஓங்கி நிற்கிறது, அவ்வளவே.

அந்தப் பையனின் கேள்விக்கு நான் தேடிச் சேர்த்த விடை இது. சாபம் விட்டவர்கள் 1908-க்கும் 1921-க்கும் இடையில் வாழ்ந்தவர்கள்: சில செய்தியாளர்கள், ஒரு நகை வியாபாரி, பணமுடையில் இருந்த ஒரு நடிகை. கொல்லூரில் தோண்டியவர்களில் யாராவது கல்லைச் சபித்திருந்தால், அதற்கு அவர்களுக்கு உரிமை இருந்தது. அப்படி யாரும் சொன்னதாகக் குறிப்பில்லை. டவர்னியர் பார்த்தவரையில் அவர்கள் நெற்றியில் அரிசி மணியோடு கும்பிட்டுவிட்டு வேலையைத் தொடங்கினார்கள்.

அந்த ஊரை இன்று போய்ப் பார்ப்பது எளிதில்லை. 19-ஆம் நூற்றாண்டிலேயே சுரங்கம் ஓய்ந்துவிட்டது. பின்னர் கிருஷ்ணாவின் குறுக்கே புலிச்சிந்தலா அணை கட்டப்பட்டபோது, கொல்லூர் அதன் நீர்ப்பிடிப்புக்குள் போயிற்று. மக்கள் வேறிடத்தில் குடியமர்த்தப்பட்டார்கள். தண்ணீர் ஊறினால் தோண்டுவதை நிறுத்திவிட்டு எழுந்து போவார்கள் என்று டவர்னியர் எழுதிய அந்தப் பதினான்கு அடிக் குழிகளின் மேல், ஆண்டின் பெரும்பகுதி, சுமார் ஐம்பது அடித் தண்ணீர் நிற்கிறது.